வெறுங்கொக்கியின் எடை

இளங்கோ,

போன ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலை உணவகத்தில், இலையில் பாதிச் சோறு இருக்கும்போது நீ ஒன்று கேட்டாய். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. மோரை வாங்கிக் குடித்தேன், இலையை மடித்தேன், கை கழுவ எழுந்து போய்விட்டேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். கல்யாணமான நாளிலிருந்து உன் அப்பாவும் என் மௌனத்தை அப்படித்தான் எடுத்துக்கொண்டு ஏமாந்து வருகிறார். சம்மதமெல்லாம் இல்லை. பக்கத்து மேசையில் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டமே உட்கார்ந்திருந்தது, அவர்கள் முன்னால் கத்தவேண்டாம் என்று பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். இப்போது கத்தப்போகிறேன். கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்து படி.

நீயும் நானும் இயற்பியல் பேசினால் ஆங்கிலத்தில்தான் பேசுவோம். ஆனால் ஆங்கிலத்தில் எழுதினால் இது அலுவலக மின்னஞ்சல் மாதிரி ஆகிவிடும். நீயும் ‘நோட்டட் மா’ என்று பதில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால் தமிழ். இதை ஒளித்துவைத்துப் படிக்கவேண்டியதும் இல்லை. உன்னோடு ஆசிரியர் பயிற்சி முடித்து இப்போது வகுப்புக்குள் நுழையப்போகிற உன் நண்பர்களுக்கும் அனுப்பு. தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்கு நீயே படித்துக் காட்டு. பிள்ளைக்குக் கடிதம் என்றால், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே பழைய தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்பாள், கடைசியில் நன்றாக இரு என்று வாழ்த்துவாள் என்றுதான் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். எனக்கு இப்போது அந்த மனநிலை இல்லை. கோபமாக இருக்கிறேன்.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பிறகு நான் திரித்துவிட்டேன் என்று சொல்லாதே. “அம்மா, எனக்காக இந்த ஒரு தடவை விட்டுடுங்களேன். ரெண்டு மார்க் மா. ஒரே ஒரு கையெழுத்து. நான் இப்பதான் உள்ள வரேன். ஃபிசிக்ஸ் டீச்சர்ஸ்ல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் லா. நான் போய் நின்னா, ‘ஓ, அந்த அம்மாவோட மகனா’ன்னு கேட்பாங்க.” சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினாய். உன் அப்பா பாயசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தார். திங்கட்கிழமை நீ புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராகச் சேருகிறாய். என் பிள்ளை, நான் செய்கிற அதே வேலைக்கு வருகிறான். அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாடத்தான் அன்று சாப்பிடப் போனோம். அந்த மேசையில் வைத்து, என் பெயர் உனக்குச் சுமை என்று நீ சொன்னது எனக்கு வலித்தது. அதைச் சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

நடந்ததை நீ அரைகுறையாகத்தான் கேட்டிருக்கிறாய். உன் நண்பர்களுக்கு அதுவும் தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

விசை உணரி, அதாவது ஃபோர்ஸ் சென்சர், கையில் அடங்குகிற ஒரு சின்னப் பெட்டி. அதன் ஒரு முனையில் கொக்கி. கொக்கியை இழுத்தாலோ அதில் எதையாவது தொங்கவிட்டாலோ, எவ்வளவு விசை என்று திரையில் எண் வரும். பார்க்கப் பெரிய புத்திசாலி போல இருக்கும், ஆனால் அதற்குத் தானாக எதுவும் தெரியாது. எதை நாம் சைபர் என்று சொல்லிக்கொடுக்கிறோமோ அதுதான் அதற்குச் சைபர். மேசையில் படுத்திருக்கும்போது சைபர் பொத்தானை அமுக்கிவிட்டு, அதைத் தூக்கிச் செங்குத்தாகத் தொங்கவிட்டால், தன் சொந்தக் கொக்கியின் எடையையே வெளியிலிருந்து வந்த சுமை என்று காட்டும். அதனால் எந்த நிலையில் பயன்படுத்தப்போகிறோமோ அந்த நிலையில் வைத்து, வெறுங்கொக்கியோடு சைபர் அமுக்கவேண்டும். பிறகு நிறை தெரிந்த ஒரு எடைக்கல்லைத் தொங்கவிட்டு, இதுதான் இவ்வளவு என்று சொல்லிக்கொடுக்கவேண்டும். அளவுத்திருத்தம் என்பது இவ்வளவுதான். பயிற்சிக் கல்லூரியில் உனக்கு இதையே நிறையப் படம் போட்டுச் சொல்லியிருப்பார்கள்.

எங்கள் பள்ளிக்கு இந்த வருஷம் புது உணரிகள் வந்தன. உயர்நிலை மூன்றாம் வகுப்புக்குச் செய்முறைச் சோதனை. எடைக்கற்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, விசையை எழுதி, வரைபடம் போட்டு, அதன் சாய்விலிருந்து புவியீர்ப்பின் அளவைக் கண்டுபிடிக்கவேண்டும். மாணவர்கள் ஆளுக்கொரு விதமாகப் பொத்தானை அமுக்கிக் குழப்பிவிடுவார்கள், அதனால் ஆசிரியர்களே முதல் நாள் எல்லாவற்றிலும் சைபர் வைத்துவிடுவோம், சோதனையன்று யாரும் எந்தப் பொத்தானையும் தொடக்கூடாது என்று துறையில் முடிவு செய்தோம். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கவேண்டுமே, அதுதான் காரணம். தட்டில் கருவாடு அடுக்கிய மாதிரி உணரிகளைப் படுக்கவைத்து, வரிசையாக அமுக்கிக்கொண்டே போனோம். அதில் பாதி நான் அமுக்கியவை. மறுநாள் காலை அவற்றைத் தூக்கிக் கம்பங்களில் தொங்கவிட்டோம். தொங்கவிட்டபிறகு மறுபடி சைபர் வைக்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

விடைத்தாளில் ஒரு அட்டவணை. அதன் முதல் வரிசையை நாங்களே அச்சடித்துக் கொடுத்திருந்தோம்: நிறை சைபர், விசை சைபர். ஒன்றும் தொங்கவிடாதபோது ஒன்றும் இருக்காதே, அதை எதற்கு அளக்கவேண்டும் என்று. பிள்ளைகளும் அந்த வரிசையைத் தாண்டி அடுத்ததிலிருந்து எழுதினார்கள். புள்ளிகளைக் குறித்தார்கள். புள்ளிகள் எல்லாம் கொஞ்சம் மேலே தூக்கியே இருந்தன. ஆனால் கோடு இரண்டு அச்சும் சந்திக்கிற சைபர் மூலையிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும், அட்டவணையிலும் அப்படித்தானே அச்சாகி இருக்கிறது. அளவுகோலைச் சாய்த்து, எப்படியோ அந்த மூலைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்.

ஒருத்தியைத் தவிர. அவள் பெயர் ஷிஃபா. ஜாலான் புசாரில் அவள் அப்பா குழாய் சாமான்கள் விற்கும் கடை வைத்திருக்கிறார். வகுப்பில் அதிகம் வாயைத் திறக்காத பிள்ளை. அவள் நாங்கள் அச்சடித்த சைபரைப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் 0.3 என்று எழுதியிருந்தாள். கோட்டைப் புள்ளிகள் இருந்த இடத்திலேயே போட்டிருந்தாள். அது சைபர் மூலைக்குப் போகாமல் கொஞ்சம் மேலே அச்சைத் தொட்டது. அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி: நான் எதையும் தொங்கவிடும் முன்பே இது எதையோ சுமந்துகொண்டிருக்கிறது. திருத்திக்கொண்டிருந்த நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் பாடம் நடத்தி, ஒரு பிள்ளை எழுதியதைப் படித்து உடம்பு சிலிர்த்தது அன்றைக்குத்தான்.

விடைக்குறிப்புப்படி அவளுக்கு இரண்டு மதிப்பெண் போகும். கோடு சைபர் மூலை வழியாகப் போகவில்லை, ஒன்று. அதை ஒட்டி எழுதவேண்டிய முடிவை எழுதவில்லை, இன்னொன்று. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அவள் போட்ட கோட்டின் சாய்வுதான் சரியான விடைக்கு மிக அருகில் இருந்தது. மூலைக்கு இழுத்து வளைத்தவர்களின் சாய்வு எல்லாம் விலகிப் போயிருந்தது. நீ ஒரு தாளை எடுத்து வரைந்து பார்த்தால் உனக்கே விளங்கும்.

எங்கள் துறைத் தலைவர் செல்வாவை உனக்குத் தெரியும். நல்ல மனிதர், நீ மருத்துவமனையில் இருந்தபோது என் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டவர். அலுவலக விஷயத்தை ஆங்கிலத்தில் பேசுவார், சமாதானம் பண்ணவேண்டும் என்றால் தமிழுக்கு மாறி அக்கா என்பார். நான் அவரை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், சோதனையில் வைத்திருந்த உணரிகளில் ஒன்றை அப்படியே எடுத்துத் தொங்கவிட்டேன். கொக்கியில் ஒன்றும் இல்லை. திரையில் 0.3. அவர் கையை நீட்டிச் சைபர் பொத்தானை அமுக்கினார்.

“சரியாயிடுச்சு அக்கா.”

“இன்னிக்குச் சரியாயிடுச்சு செல்வா. அன்னிக்கு?”

“அன்னிக்கு எல்லாருக்கும் அதே தப்புதானே? எல்லாரும் ஒரே படகு. அப்ப ஃபேர்தான்.”

“எல்லாருக்கும் அதே தப்புதான். ஒருத்திதான் அதைப் பார்த்து எழுதினா.”

“மார்க்கிங் ஸ்கீம மாத்துனா பேரண்ட்ஸ் கேட்பாங்க அக்கா. சென்சர நீங்கதான் தப்பா வச்சீங்களான்னு கேட்பாங்க.”

“ஆமா, நாங்கதான் வச்சோம்னு சொல்லுவோம். அதுல பாதி நான் வச்சதுன்னு நானே சொல்றேன்.”

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “நான் உங்களுக்கு எதிரி இல்ல லா அக்கா” என்றார். எதிரி இல்லைதான். எதிரியாக இருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. மற்றவர்களின் மதிப்பெண்ணைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, அவர்கள் நாங்கள் சொன்னதைத்தான் செய்தார்கள். ஷிஃபாவுக்கு உரிய இரண்டைக் கொடுங்கள், வகுப்பில் நடந்ததைச் சொல்லுங்கள், அவ்வளவுதான் கேட்டேன். முடியாது என்றார்கள். அப்படியென்றால் மதிப்பெண் பட்டியலில் என் கையெழுத்து கிடையாது என்றேன். என்னுடையது ஓய்வு வயது தாண்டிய பிறகு வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தம் என்பது எல்லாருக்கும் தெரியும், அதைப் புதுப்பிக்கிற நேரம் இதுதான் என்பதும் தெரியும். நான் வீம்புக்காரி, ஆனால் விவரம் தெரியாதவள் இல்லை.

இந்த இடத்தில் நீ, “சரிமா, ஆனா ரெண்டு மார்க்குக்கு இவ்வளவா?” என்பாய். அதற்கு உன் அப்பாவை இழுக்கிறேன். அவர் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஓய்வு நாளில் உன்னைக் கூட்டிக்கொண்டு தேக்கா சந்தைக்கு ஆட்டுக்கறி வாங்கப் போவார். கறிக்கடை பாய் கறியை எடுத்துத் தராசுத் தட்டில் வைக்கும் முன்னால், “பாய், முதல்ல தட்டைக் காலியா காட்டுங்க” என்பார். பின்னால் கூட்டம் நிற்கும். பாய்க்குக் கோபம் வரும். “என்னண்ணே, நான் என்ன ஏமாத்துறவனா?” “நீங்க ஏமாத்துறீங்கன்னு யாரு சொன்னா? மெஷின் நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்துதான்னு பாக்குறேன்.” நீ வெட்கத்தில் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாய். வீட்டுக்கு வந்து, இனிமேல் அப்பாவோடு போகமாட்டேன் என்று என்னிடம் அழுவாய். ஒருநாள் காலித் தட்டே எடை காட்டியது, அடியில் கொழுப்பு ஒட்டியிருந்திருக்கிறது. பாய் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அதிலிருந்து அப்பா தூரத்தில் வரும்போதே தட்டைத் துடைத்துத் தயாராக வைத்து, “வாங்க சைபர் அண்ணே!” என்று சந்தைக்கே கேட்கிற மாதிரி கூப்பிடுவார். நம் வீட்டுப் பெயர் ஏற்கெனவே இந்த மாதிரித்தான் கெட்டுப்போயிருக்கிறது இளங்கோ. நான் புதிதாக ஒன்றும் கெடுக்கவில்லை.

ஷிஃபாவைக் கூப்பிட்டு, உன் மதிப்பெண்ணுக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, “பரவால்ல டீச்சர். இட்ஸ் ஓகே” என்றாள். அதைச் சொன்ன விதம் எனக்குப் பழக்கமானது. அந்தக் குரலை நான் நம் வீட்டிலேயே கேட்டிருக்கிறேன்.

உணரியோடு மாணவர்கள் செய்கிற தப்புகளில் ரொம்பச் சாதாரணமான ஒன்று இருக்கிறது. சுமையைத் தொங்கவிட்டபடியே சைபரை அமுக்கிவிடுவார்கள். திரையில் சைபர் வந்துவிடும். பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தொங்காத மாதிரிதான் இருக்கும். ஆனால் உள்ளே இருக்கிற கம்பி வளைந்துதான் இருக்கும், சுமை சுமைதான். கண்டுபிடிப்பது எப்படி என்றால், சுமையை எடுத்துவிட்டுப் பார்க்கவேண்டும். அப்போது மைனஸ் காட்டும்.

உனக்குப் பள்ளியின் கடைசித் தேர்வு, அந்த ஏ நிலைத் தேர்வு முடிவு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? நீ நினைத்த படிப்புக்கு அந்த முடிவு போதாது. வீட்டுக்கு வந்து, “பரவால்லமா, நெக்ஸ்ட் இயர் பாத்துக்கலாம்” என்றாய். அப்பா வாங்கிவந்த பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாயே தவிர வாயில் போடவில்லை. ராணுவத்தில் தேசிய சேவைக்குப் போனாய், வந்தாய், யார் கேட்டாலும் பரவாயில்லை. மறுபடி எழுதி இடம் கிடைத்த அன்று நாங்கள் கேக் வாங்கிக்கொண்டு வந்தால், நீ புக்கிட் பாத்தோக்கில் நம் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில், சதுரங்க மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கி அழுதுகொண்டிருந்தாய். சந்தோஷமான நாளில் ஏண்டா அழுகிறாய் என்று அப்பா பயந்துபோனார். எனக்கு அப்போதுதான் புரிந்தது, அத்தனை நாளும் நீ எவ்வளவைத் தொங்கவிட்டுக்கொண்டு எங்களுக்குச் சைபர் காட்டினாய் என்று. அன்றிலிருந்து யாராவது என்னிடம் பரவாயில்லை என்று சொன்னால் நான் நம்புவதில்லை. எடுத்துச் சொல்லத் தெரிந்த என் பிள்ளைக்கே அந்த நிலைமை. ஷிஃபாவுக்காக எடுத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

இன்னும் கேள். சோதனைக்கு அடுத்த வாரம் வகுப்பில் வேறொரு செய்முறை, மதிப்பெண் இல்லாத சும்மா பயிற்சிதான். மேசைமேல் ஒரு மரக்கட்டை, அதை உணரியின் கொக்கியால் மெல்ல இழுக்கவேண்டும். கட்டையின்மேல் எடைக்கற்களை ஏற்ற ஏற்ற, உராய்வு எவ்வளவு கூடுகிறது என்று வரையவேண்டும். இந்தக் கோடு சைபர் மூலைக்குப் போகவே கூடாது. மேலே ஒன்றும் வைக்காவிட்டாலும் கட்டையே கனம்தானே, அதை இழுக்கவே விசை வேண்டும். ஷிஃபா ஒழுங்காக அளந்திருந்தாள். புள்ளிகள் அத்தனையும் அழகாக ஒரே நேரில் இருந்தன. ஆனால் கோட்டை மட்டும் அந்தப் புள்ளிகளை விட்டுவிட்டு, சாய்த்து, சைபர் மூலையில் கொண்டுபோய் முட்டியிருந்தாள். என்னம்மா இது என்று கேட்டேன்.

“ஒரிஜின்ல போகலேன்னா மார்க் போயிடும்ல டீச்சர்? அதான் அப்படியே ட்ரா பண்ணிட்டேன். கரெக்ட்டா?”

கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பாடம் கற்றுக்கொண்ட பிள்ளை ஆசிரியரிடம் பாராட்டை எதிர்பார்த்துப் பார்க்குமே, அந்தப் பார்வை. இளங்கோ, நான் அழுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தன் கண்ணால் பார்த்ததை எழுதிய ஒரே ஒரு பிள்ளை. அதை எழுதக்கூடாது என்று நாங்கள் ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டோம். நீ இரண்டு மதிப்பெண் என்கிறாய். நான் சண்டை போடுவது அந்த இரண்டுக்கா? அந்தப் பெண் இனிமேல் எங்கேயாவது, ஒரு மருந்தகத்திலோ ஒரு பாலத்தின் மேலோ வேலைக்கு நிற்கும்போது, திரையில் வருகிற எண்ணை எழுதுவாளா, மேலே இருப்பவர்களுக்குப் பிடித்த எண்ணை எழுதுவாளா என்பதற்காக.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டபோது இதெல்லாம் என் மனதில் இருந்தது. நீ தூணுக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளையாகவே தெரிந்தாய், அதனாலும்தான் சொல்லாமல் எழுந்துவிட்டேன். உன்மேல் எனக்கு ஆத்திரம் இல்லை என்றெல்லாம் பூசி மெழுகமாட்டேன். இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

புதன்கிழமை எங்கள் பள்ளியின் துணை முதல்வர் கூப்பிட்டார். மரியாதையான அம்மாள், தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். என் அனுபவத்தைப் புகழ்ந்தார். அடுத்த வருஷத்திலிருந்து உணரிகளைத் தொங்கவிட்டே சைபர் வைப்பது என்று குறிப்பு எழுதிவைப்போம், இந்த வருஷத்தை இப்படியே முடித்துக்கொள்வோம் என்றார். பட்டியலை என் பக்கம் தள்ளி வைத்தார். ஒப்பந்தம் பற்றியும் பேசவேண்டும், ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்த வருஷப் பிள்ளைகளுக்குக் குறிப்பு சரி, இந்த வருஷப் பிள்ளைக்கு என்ன என்று கேட்டேன். அவர் பட்டியலை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினார். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததையும் பார்த்தேன். தேநீரைக் குடித்து முடித்தேன், பேனாவை மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன், வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

பட்டியலில் செல்வா கையெழுத்துப் போட்டுவிட்டார். ஷிஃபாவின் மதிப்பெண் மாறவில்லை. என் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது, புதுப்பிக்கவில்லை என்று வியாழக்கிழமை மின்னஞ்சல் வந்தது. உன் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்தார். “சரி, இனிமே தேக்காவுக்கு நீயும் வரலாம்” என்றார். பிறகு போய் எனக்கும் சேர்த்துக் காப்பி போட்டார். ஆக, நான் தோற்றுவிட்டேன் என்றுதான் நீ கணக்குப் போடுவாய். போட்டுக்கொள். நேற்று நடந்ததையும் அதோடு சேர்த்துப் போடு.

நேற்று வெள்ளிக்கிழமை, அதே வகுப்பு. ஒரு உணரியைப் படுக்கவைத்துச் சைபர் அமுக்கி, எல்லாரும் பார்க்கிற மாதிரி முன்னால் தொங்கவிட்டேன். கொக்கியில் ஒன்றும் இல்லை. திரையில் இருப்பதை எழுதுங்கள் என்றேன். பாதிப் பேர் திரையைப் பார்க்காமலே சைபர் என்று எழுதினார்கள். மீதிப் பேர், இதில் என்ன பொறி இருக்கிறதோ என்று என் முகத்தைப் பார்த்தார்கள். என் முகத்தில் ஒன்றும் எழுதவில்லை, திரையைப் பாருங்கள் என்றேன். பார்த்தார்கள். சலசலப்பு வந்தது. அப்போது சொன்னேன்: சோதனைக்கு முதல் நாள் இதையே இப்படிப் படுக்கவைத்து அமுக்கியவர்களில் நானும் ஒருத்தி. ஷிஃபா எழுதியதுதான் சரி. அவளுக்கு மதிப்பெண் கிடைக்காது, ஆனாலும் அவள் எழுதியதுதான் சரி. இதை அவளிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எல்லாருக்கும் முன்னால் சொல்லவேண்டும் என்றுதான் சொன்னேன். டிசம்பர்வரை எனக்குச் சம்பளம் தருகிறார்களே, அதற்கு வேலை செய்யவேண்டாமா?

மணியடித்து எல்லாரும் போனபிறகு ஷிஃபா மட்டும் வந்து நின்றாள். கையில் அந்த மரக்கட்டை வரைபடம்.

“டீச்சர், இதை மறுபடி வரையலாமா?”

“அதுக்கு மார்க் கிடையாதும்மா.”

“தெரியும் டீச்சர்.”

அழிப்பான் கொடுத்தேன். அங்கேயே நின்றுகொண்டு, சைபர் மூலையில் முட்டியிருந்த கோட்டைச் சுத்தமாக அழித்தாள். புள்ளிகள்மேல் அளவுகோலை வைத்துப் புதிதாக ஒன்று போட்டாள். அது அச்சை எங்கே தொட்டதோ, அங்கே ஒரு சின்ன அம்புக்குறி போட்டு, ‘கட்டை’ என்று எழுதினாள். அழிப்பானைத் திருப்பி வாங்கி மேசையில் வைத்தேன்.

திங்கட்கிழமை உனக்கு முதல் வகுப்பு. புதுச் சட்டையைத் தேய்த்து அலமாரியில் தொங்கவிட்டிருக்கிறேன். ஆய்வுக்கூடத்துக்குப் போனதும் உனக்கும் ஒரு பெட்டி உணரி கொடுப்பார்கள், எல்லாம் சரியாக வைத்திருக்கிறோம் சார் என்பார்கள். நன்றி சொல்லிக்கொள், ஆனால் நம்பாதே. என்னை நம்பியிருந்தாலும் அன்று தப்பாகத்தான் போயிருக்கும். அட்டவணையின் முதல் வரிசையை மட்டும் யார் சொன்னாலும் அச்சடித்துக் கொடுக்காதே, அதைப் பிள்ளைகள் பார்த்து எழுதட்டும். யாராவது ஒரு பிள்ளை நீ எதிர்பார்க்காததை எழுதினால், விடைக்குறிப்பைப் புரட்டுவதற்கு முன்னால் எழுந்துபோய் அந்தக் கொக்கியைப் பார். உன்னிடம் வந்து பரவாயில்லை சார் என்று சொன்னால், அதோடு விட்டுவிடாதே. உனக்கு அந்தச் சொல்லைப் பற்றி நான் சொல்லித்தரவேண்டியதில்லை.

ஆசிரியர் அறையில் யாராவது உன்னை ஏற இறங்கப் பார்த்து, “ஓ, அந்த அம்மாவோட மகனா?” என்று கேட்பார்கள். கேட்கத்தான் போகிறார்கள், நான் அதற்கு வேண்டியதைச் செய்துவிட்டேன். தூண் தேடாதே. நிமிர்ந்து நின்று ஆமாம் என்று சொல். சொல்லிவிட்டு வகுப்புக்குள் போ, வெறுங்கொக்கியைத் தொங்கவிடு, என்ன தெரிகிறது என்று பிள்ளைகளைக் கேள்.

அந்த அம்மாதான்.